எண்ணும் சொல்லும்

வலைப்பக்கம் ஒன்றைத் திறப்பது என்பது ஒரு வினாவும் அதற்கு ஒரு விடையும் ஆகும். வினவுவது உலாவி. விடை பகர்வது, தொலைவில் எங்கோ இடையறாது இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கி என்னும் கணிப்பொறி. ‘இம்முகவரியில் உள்ள பக்கத்தைத் தருக’ என்று உலாவி வேண்டுகிறது. வழங்கி அப்பக்கத்தைத் தருகிறது. இன்றேல் தர இயலாமையைத் தெரிவிக்கிறது. இவ்விரண்டில் எதனைச் செய்யினும், பக்கத்துக்கு முன்னதாக மூன்று இலக்கங்களால் ஆகிய ஓர் எண்ணை அது அனுப்பிவைக்கிறது. அதற்கு நிலை எண் என்று பெயர். வேண்டுகோள் என்ன ஆயிற்று என்பதை அம்மூன்று இலக்கங்களே கூறிவிடும்.

பொதுமக்கள் இவ்வெண்களைப் பெரும்பாலும் காண்பதில்லை. செவ்வையாக வந்து சேர்ந்த பக்கத்தின் முன்னே 200 என்னும் எண் வந்தது என்பது படிப்போருக்குப் புலப்படுவதே இல்லை. 404 ஒன்றுமட்டும் இதற்கு விலக்கு. கேட்ட பக்கம் கிடைக்காதபோது தோன்றும் அவ்வெண்ணை உலகின் பல நாட்டு மக்களும் அறிவர். வலையின் பிறப்பிடமான ஜெனீவா நகரத்துச் செர்ன் ஆய்வு நிலையத்தில் 404 என்னும் எண்ணுடைய அறை ஒன்று இருந்தது என்றும், அவ்வறையைக் குறித்தே அவ்வெண் எழுந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. வலையின் தொடக்க காலத்தில் அங்குப் பணியாற்றிய ராபர்ட் கையோ அக்கதையை மறுத்திருக்கிறார். எண்ணுக்குப் பொருள் விளங்காதபோது மக்கள் அதற்குக் கதை கட்டிவிடுகின்றனர் போலும்!

இவ்வெண்கள் தொடக்கத்திலேயே இருந்தவை அல்ல. டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கில அறிஞர் செர்ன் நிலையத்தில் இருந்தபோது, வலைப்பக்கங்களை அனுப்புதற்குரிய எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறையை வகுத்தார். 1991-ஆம் ஆண்டில் அவர் எழுதிய முதல் வடிவம் மிகவும் எளியது. வழங்கி விடையாக ஒரு பக்கத்தை அனுப்பும், அவ்வளவே. பிழை நேர்ந்தாலும், அப்பிழையைச் சொற்களால் எழுதிய ஒரு பக்கமே விடையாகச் செல்லும். மனிதன் அதனைப் படித்துப் பிழை என்று உணர்வான். படித்துப் பொருள் கொள்ளும் ஆற்றலற்ற கணிப்பொறி என் செய்யும்? அதற்கு நற்செய்தி தாங்கிய பக்கமும் பிழைச்செய்தி தாங்கிய பக்கமும் ஒன்றே. இரண்டையும் வேறுபடுத்தி அறிய அதற்கு வழியே இல்லாதிருந்தது.

இக்குறையை நீக்கவே நிலை எண்கள் வந்தன. மூன்று இலக்க எண்ணால் விடை கூறும் முறை வலைக்கு முன்னரே வழக்கில் இருந்ததாகும். கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. என்னும் நெறிமுறையும், மின்னஞ்சலைக் கொண்டுசெல்ல ஜான் போஸ்டெல் என்பவர் 1982-இல் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையும் அம்முறையைக் கையாண்டன. அதே வழியை வலையும் மேற்கொண்டது. 1996-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.0 என்னும் ஆவணத்தில், விடையின் முதல் வரி எவ்வாறு அமைய வேண்டும் என்பது தெளிவாக வரையறுக்கப்பெற்றது. முதலில் நெறிமுறையின் பெயர். அடுத்து நிலை எண். அதன்பின் ஒரு சிறு சொற்றொடர். எண் பொறிக்கு உரியது, சொற்றொடர் மனிதனுக்கு உரியது என்று அந்த ஆவணமே பகுத்துக் கூறுகிறது. 404 என்னும் எண்ணுக்கு அருகில் ‘நாட் ஃபவுண்ட்’, அதாவது ‘காணப்படவில்லை’ என்ற தொடர் நிற்பது இதன் பயனே. இவ்வாறு எண்ணின் அருகே நிற்கும் தொடரை நிலைச்சொல் என்று கூறலாம்.

எண்ணின் முதல் இலக்கத்தைக் கொண்டு நிலை எண்களை ஐந்து வகுப்பாகப் பிரித்துள்ளனர். ஒன்றில் தொடங்குவன இடைச்செய்திகள். இரண்டில் தொடங்குவன வெற்றியையும், மூன்றில் தொடங்குவன வேறிடம் செல்லுமாறு வழிகாட்டுதலையும் குறிப்பன. நான்கில் தொடங்கினால் பிழை கேட்டவரிடத்தது. ஐந்தில் தொடங்கினால் பிழை விடையளிப்பவரிடத்தது. தான் அறியாத ஓர் எண் வந்தால், உலாவி அதன் முதல் இலக்கத்தை நோக்கி அவ்வகுப்பின் பொதுவான எண்ணாகவே அதனைக் கொள்ள வேண்டும் என்பதும் விதி. ஆதலின் புதிய எண்கள் பின்னர்ச் சேர்க்கப்பெற்றபோதும் பழைய உலாவிகள் திகைத்து நிற்கவில்லை. பொறியைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டில் குறையொன்றும் இல்லை என்றே சொல்லலாம்.

மனிதனின் நிலை வேறு. வலைத்தளங்களை ஆக்குவோர் நிரலாளர் எனப்படுவர். இவர்கள் இந்நாளில் ஒவ்வொரு தளத்தையும் அடிப்படையிலிருந்து புதிதாக எழுதுவதில்லை. எல்லாத் தளங்களுக்கும் பொதுவான பணிகளை முன்னரே செய்து வைத்திருக்கும் நிரல்தொகுதி ஒன்றன்மீது தம் தளத்தைக் கட்டுகின்றனர். அத்தொகுதியைச் சட்டகம் என்பர். பிரான்சு நாட்டில் தோன்றி 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த சிம்ஃபனி அத்தகைய சட்டகங்களுள் ஒன்று. ஃபேபியன் பொட்டன்சியே என்பவரால் தொடங்கப்பெற்ற இது, பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது.

சிம்ஃபனியோடு ஒரு பிழைகாண் கருவியும் இணைந்து வருகிறது. நிரலாளர் தம் தளத்தை ஆக்கிக்கொண்டிருக்கும் காலத்தில், திரையின் அடிப்பகுதியில் மெல்லிய பட்டை ஒன்றை அக்கருவி காட்டும். அப்பக்கத்தை உருவாக்க எவ்வளவு நேரம் ஆயிற்று, எவ்வளவு நினைவகம் செலவாயிற்று, தரவுத்தளத்தை எத்தனை முறை வினவ நேர்ந்தது என்பன எல்லாம் அப்பட்டையில் அடங்கும். அவற்றுக்கெல்லாம் முதலாக இடப்பக்கத்து ஓரத்தில் நிற்பது நிலை எண். வெற்றியாயின் பச்சை நிறத்திலும், வழிமாற்றமாயின் மஞ்சள் நிறத்திலும், பிழையாயின் சிவப்பு நிறத்திலும் அது விளங்கும். பட்டை குறுகியது, அதில் நீண்ட தொடர்களுக்கு இடமில்லை. ஆகவே அங்கு எண்மட்டுமே தோன்றும். சுட்டியை அதன்மேல் கொண்டுசென்றால் சிறு பெட்டி ஒன்று விரிந்து, எண்ணோடு அதன் நிலைச்சொல்லையும் காட்டும்.

எண் ஒன்றே போதாதா? நாள்தோறும் இவ்வேலையிலேயே ஈடுபட்டிருப்போர் எண்களை மனப்பாடமாக அறிந்திருப்பாரே என்று சிலர் வினவக்கூடும். 200, 404, 500 ஆகியவற்றை அவர்கள் அறிவர் என்பது மெய்யே. ஆயினும் அரிதாக வரும் எண்களும் பல உள. அவை வரும் வேளையோ, நிரலாளர் பிழையின் காரணம் தெரியாமல் அல்லலுறும் வேளை!

நூலகம் ஒன்றுக்கு வலைத்தளம் ஆக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். புதிய நூலின் பெயரைப் பதிவு செய்யும் படிவத்தை அவர் அமைத்திருக்கிறார். படிவத்தை நிரப்பி அனுப்புகிறார், நூல் பதிவாகவில்லை, 405 என்னும் எண் தோன்றுகிறது. அதன் பொருளை அறியாவிடின் அவர் என்ன நினைப்பார்? 404-க்கு அடுத்து நிற்கும் எண்ணாயிற்றே. முகவரி தவறாக இருக்கலாம் என்று கருதுவார். முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பார். அது சரியாகவே இருக்கும். அதன்பின் கோப்பின் பெயரையும் அது கிடக்கும் இடத்தையும் ஐயுறுவார். குற்றம் இல்லாத இடங்களை எல்லாம் தோண்டிப் பார்த்து அரைநாளை இழப்பார். ‘மெதட் நாட் அலவுட்’ என்ற தொடர் அவ்வெண்ணின் அருகே நின்றிருப்பின், ‘இம்முறையில் கேட்டல் ஏற்கப்படாது’ என்று உடனே உணர்ந்திருப்பார். முகவரி சரியானதே. ஆனால் அம்முகவரி பக்கத்தைப் படித்தற்கு மட்டும் இசைந்தது. படிவத்தை ஏற்பதற்கு அதனை இசைவிக்க அவர் மறந்துவிட்டார். ஒரு வரியைத் திருத்தினால் குறை தீர்ந்துவிடும்.

அவர் அவ்வரியைத் திருத்திவிட்டார் என்று கொள்வோம். மீண்டும் அனுப்பும்போது 422 வருகிறது. இம்முறை திரையில் பிழைப்பக்கம் எதுவும் தோன்றவில்லை. முன்பு நிரப்பிய படிவமே மீண்டும் காட்சியளிக்கிறது. பட்டையில் உள்ள எண்மட்டும் சிவந்திருக்கிறது. 422 என்பது, வந்த செய்தி வடிவத்தில் செம்மையாக இருப்பினும் பொருளளவில் ஏற்கத்தக்கதன்று என்பதைக் குறிக்கும். வெளியீட்டு ஆண்டு என்ற கட்டத்தில் அவர் எதையும் எழுதாது விட்டிருந்தார். அதனை நிரப்பி அனுப்பியதும் நூல் பதிவாகிறது. வழங்கி 302 என்று விடையளித்து அவரை நூற்பட்டியலுக்கு அனுப்பிவைக்கிறது. பட்டியல் 200 என்னும் எண்ணோடு வந்து சேர்கிறது. ஒரு சிறிய படிவத்துக்குள்ளே நான்கு எண்கள்! அவற்றின் பொருளை உடனுக்குடன் அறிந்தவருக்கு அவை வழித்துணையாகும், அறியாதவருக்குப் புதிராகும்.

ஐந்தில் தொடங்கும் எண்களிடையே இக்குழப்பம் இன்னும் மிகுதி. 502, 503, 504 ஆகிய மூன்றும் நடுநின்ற வழங்கி ஒன்றிடமிருந்து வரக்கூடியவை. தனக்குப் பின்னுள்ள வழங்கி பொருந்தாத விடையைத் தந்தது என்பது 502-இன் பொருள். இப்போது பணி செய்ய இயலவில்லை, சிறிது பொறுத்து வருக என்பது 503. பின்னுள்ள வழங்கி குறித்த நேரத்துக்குள் விடையளிக்கவில்லை என்பது 504. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. ஓர் இலக்கத்தை மறந்து மருந்தை மாற்றிக் கொடுத்தால், தளம் மேலும் சிலமணி நேரம் முடங்கிக் கிடக்கும்.

இனி, கருவி அந்தச் சொல்லை எங்கிருந்து பெறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். விடையின் முதல் வரியிலேயே எண்ணை அடுத்துச் சொல்லும் வந்ததன்றோ? அதனை அவ்வாறே எடுத்துக் காட்டலாமே என்று தோன்றும். முன்பு அவ்வாறு செய்ய இயன்றது. ஆனால் 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் எச்.டி.டி.பி.யின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபோது, அச்சொல் அடியோடு நீக்கப்பெற்றது. விடையைக் கூடியவரை சுருக்கி விரைவாக அனுப்புதல் அப்பதிப்பின் நோக்கங்களுள் ஒன்று. உலாவிக்குச் சொல் தேவையில்லை. எண் ஒன்றே போதும். எனவே, பொறிக்குப் பயன்படாத பகுதி நெடுவழியில் சுமந்து செல்லப்பட வேண்டியதில்லை என்று வகுத்தோர் கருதினர். 2022-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலும் நிலைச்சொல்லுக்கு இடமில்லை.

இது தக்க முடிவே. எனினும் இதனால் ஒரு கடமை இடம்மாறியது. அதுவரை வழங்கி சொல்லி அனுப்பிய சொல்லை, இனி மனிதன் அமர்ந்திருக்கும் இடத்தில் உள்ள கருவியே தேடித் தர வேண்டும். சிம்ஃபனி தன்னகத்தே ஓர் அட்டவணையை வைத்திருக்கிறது. இணையத்துக்குரிய எண்களையும் பெயர்களையும் பதிந்து காக்கும் ஐயானா என்னும் அமைப்பின் பதிவேட்டை ஒட்டி அமைந்தது அந்த அட்டவணை. பிழைகாண் கருவி எண்ணைக் கொண்டு அட்டவணையை நோக்கி, உரிய சொல்லை எடுத்து அருகில் நிறுத்துகிறது. அகராதியைப் புரட்டும் வேலையை மனிதனுக்காகக் கருவி செய்கிறது என்க.

அட்டவணையில் இல்லாத எண் வந்தால் என்னாகும்? அத்தகைய எண்களும் உண்டு. லாரவெல் என்னும் மற்றொரு சட்டகம், படிவத்தின் காவற்குறி பொருந்தாவிடில் 419 என்னும் எண்ணை விடையாகத் தருகிறது. பதிவேட்டில் அவ்வெண்ணுக்குப் பெயரில்லை. அவ்விடத்தில் சிம்ஃபனியின் கருவி தானாக ஒரு சொல்லைப் புனைந்துகொள்ளாது, எண்ணைமட்டும் காட்டிச் சொல்லின் இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறது. இது பாராட்டத்தக்கது. அறியாததைப்பற்றி வாளாவிருக்கும் கருவி, தவறான பொருளைக் கூறும் கருவியினும் மேலானது.

சொல்லும் முற்றிலும் நம்பத்தக்கதன்று என்பதையும் இங்கே கூற வேண்டும். எண் மாறாது நிற்கச் சொல் மாறிய இடங்கள் பல. 302-க்கு 1996-இல் ‘தற்காலிகமாக இடம்பெயர்ந்தது’ என்னும் பொருளுடைய தொடர் இருந்தது. 1999-இல் ‘கண்டறியப்பட்டது’ என்னும் பொருளுடைய ஒற்றைச் சொல்லாக அது மாறியது. அனுப்பப்பட்ட செய்தி அளவுக்கு மீறிப் பெரியது என்று கூறும் 413, 1999-இல் ஒரு பெயரும் 2014-இல் வேறொரு பெயரும் 2022-இல் மற்றுமொரு பெயரும் பெற்றது. ஆதலால் சொல்லைமட்டும் காட்டி எண்ணை மறைத்துவிடுவதும் பிழையாகும். பத்தாண்டுக்கு முன் எழுதப்பட்ட நூலில் ஒரு பெயரையும், இன்றைய கருவியில் மற்றொரு பெயரையும் காண்பவருக்கு, இரண்டும் ஒன்றே என்று உறுதி கூறுவது எண்ணே.

சில சொற்கள் பிறக்கும்போதே பொருள் பிறழ்ந்து பிறந்தன. 401-இன் நிலைச்சொல் ‘அன்ஆதரைஸ்டு’. ‘உரிமை பெறாதவர்’ என்பது அதன் நேர்பொருள். ஆனால் அவ்வெண் உண்மையில் உணர்த்துவது, கேட்பவர் தாம் யார் என்பதை இன்னும் மெய்ப்பிக்கவில்லை என்பதே. யார் என்று அறிந்தபின்னும் உள்ளே விட மறுப்பது 403. அதன் நிலைச்சொல் ‘ஃபர்பிடன்’, அதாவது ‘தடுக்கப்பட்டது’. முன்னவரை நோக்கி ‘உம் பெயரைச் சொல்லும்’ என்கிறான் வாயிலோன்; பின்னவரை நோக்கி ‘உம்மை அறிவேன், ஆயினும் வழிவிட மாட்டேன்’ என்கிறான். சொல்லைமட்டும் நம்பி 401-ஐ உரிமைக் குறைவு என்று கருதுவோர் பலர். முதலில் இட்ட பெயர் நிலைத்துவிட்டமையின், பின்வந்த ஆவணங்களும் அதனைத் திருத்த முற்படவில்லை.

நிறமும் இத்தகையதே. பச்சை நலம், சிவப்பு தீது என்பது விரைவில் விளங்கும் குறிப்பு. ஆனால் சிவப்பையும் பச்சையையும் வேறு பிரித்துக் காண இயலாதோர் உலகில் உளர். ஆண்களிடையே அவர்கள் தொகை சிறிதன்று. நிறம் ஒன்றையே நம்பிச் செய்தியைத் தெரிவித்தலாகாது என்பது வலைப்பக்கங்களை யாவரும் எளிதிற் பயன்படுத்தற்கென வகுத்த வழிகாட்டுநெறிகளுள் ஒன்று. எண்ணும் சொல்லும் நிறத்தோடு உடன்நின்றால் இக்குறை நேராது. சுட்டியைக் கொண்டுசென்றால்தான் சொல் தோன்றும் என்னும் ஏற்பாட்டிலும் ஒரு சிறு குறை உண்டு. விரலால் தொட்டு இயக்கும் திரைகளில் சுட்டி இல்லையே!

கருவியில் பச்சை நிறம் தோன்றினும் ஏமாறுதற்கு இடமுண்டு. தளம் ஒன்றில் ‘நீங்கள் தேடிய பக்கம் இங்கு இல்லை’ என்னும் செய்தி அழகிய எழுத்தில் காட்சியளிக்கலாம். அதன் நிலை எண்ணோ 200 என்று இருக்கலாம். செய்தியை எழுதிய நிரலாளர் எண்ணை மாற்ற மறந்துவிட்டார் என்பது அதன் பொருள். மனிதன் செய்தியைப் படித்து உண்மையை உணர்வான். தேடுபொறி எண்ணை நம்பி, இல்லாத பக்கத்தை உள்ள பக்கமாகக் கருதித் தன் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும். கூகுள் நிறுவனத்தார் இதனை ‘மென்மையான 404’ என்னும் பொருள்பட வழங்குகின்றனர். 1991-இல் எண்கள் இல்லாதபோது இருந்த நிலைக்கே இது மீண்டும் கொண்டுசெல்கிறது. இப்பிழையை எளிதிற் காண்பதற்கு உரிய இடம் பிழைகாண் பட்டையே. திரையில் ‘இல்லை’ என்னும் செய்தியும், அதற்குக் கீழே பச்சை நிறத்தில் 200 என்னும் எண்ணும், அதனருகே ‘ஓகே’ என்னும் சொல்லும் ஒருங்கே நிற்கும்போது, அம்முரண்பாடு நிரலாளரின் கண்ணில் படாமற் போகாது.

நிலைச்சொற்களிடையே நகைச்சுவைக்கும் இடம் கிடைத்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று, லாரி மாசின்டர் என்பவர் காப்பிப் பாத்திரங்களை இணையத்தின் வழியாக இயக்குதற்கு ஒரு நெறிமுறையை வேடிக்கையாக வெளியிட்டார். தேநீர்ப் பாத்திரத்திடம் காப்பி கேட்டால் அது 418 என்னும் எண்ணைக் கூறி, ‘நான் தேநீர்ப் பாத்திரம்’ என்று விடையளிக்க வேண்டுமாம்! அவ்வெண்ணைப் பல சட்டகங்களும் தம் அட்டவணையில் சேர்த்துக்கொண்டன. சிம்ஃபனியும் அவற்றுள் ஒன்று. 2017-இல் இதனை நீக்க வேண்டும் என்று ஒரு முயற்சி எழுந்தபோது, நிரலாளர் பலர் எதிர்த்தனர். முடிவில் 418-ஐ வேறு எப்பொருளுக்கும் பயன்படுத்தாது ஒதுக்கி வைத்துவிட்டனர். 451-ஓ வேடிக்கையன்று. சட்டத்தின் ஆணையால் ஒரு பக்கம் மறுக்கப்படும்போது அதனை வெளிப்படையாகக் கூறுதற்கென்றே 2016-இல் வகுக்கப்பெற்ற எண் அது. நூல்களை எரிக்கும் ஆட்சியைப்பற்றி ரே பிராட்பரி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1953-இல் வெளியிட்ட புதினத்தின் பெயரில் உள்ள எண்ணையே இதற்கு இட்டனர்.

பிழைகாண் பட்டை, தளம் பொதுமக்கள் பார்வைக்கு வரும் நாளில் நீக்கப்பட வேண்டும். தளத்தின் உள்ளமைப்பு, தரவுத்தளத்துக்கு அனுப்பிய வினாக்கள், நிரல்களின் பெயர்கள் ஆகிய யாவற்றையும் அக்கருவி ஒளிவுமறைவின்றிக் காட்டும் இயல்புடையது. நிரலாளருக்கு அது விளக்கு; தீய நோக்குடையோர் கையில் அதுவே வீட்டின் வரைபடமாகிவிடும். எனவே மக்கள் பயன்படுத்தும் தளத்தில் இக்கருவியை இயக்கலாகாது என்று சிம்ஃபனியை ஆக்கியோர் தம் கையேட்டில் எச்சரித்துள்ளனர். அதன்பின் அத்தளத்தைத் திறப்போர் பட்டையையும் காணார், பெட்டியையும் காணார். நிலை எண் மட்டும் முன்போலவே ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னே சென்றுகொண்டிருக்கும்.